இந்தப் பொண்ணுக்குத்தான்

அக்காவுக்கு ஒருநாளும் பசித்ததில்லை. பசியெல்லாம் எனக்குத்தான்.

சாயங்காலம் காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் கோட்டுச்சேரி பஸ்ஸுக்காக நிற்கும்போது என் முகத்தை உற்றுப் பார்ப்பார். "பாப்பா, முகமெல்லாம் வாடிப் போயிருக்கே. ரெண்டு பஜ்ஜி திங்கிறியா?" என்பார். கல்லூரி கேன்டீனில் இப்போதுதான் சாப்பிட்டேன், வேண்டாம் என்பேன். அவர் கடைக்காரரிடம் திரும்பி, "கூச்சப்படுதுங்க. இந்தப் பொண்ணுக்குத்தான், சூடா ரெண்டு குடுங்க" என்பார். பஜ்ஜி கைக்கு வந்ததும் என் பக்கம் நீட்டுவார். நான் மறுபடியும் வேண்டாம் என்பேன். "வீணாப் போயிடக் கூடாதுல்ல" என்று இரண்டையும் அவரே சாப்பிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, "இனிமே பசிச்சா பசிக்குதுன்னு வாயத் தொறந்து கேளு பாப்பா" என்று எனக்குப் புத்தி சொல்வார்.

பஸ் வந்ததும் அடுத்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பவர் யாராக இருந்தாலும் அவரிடம் போய், "இந்தப் பொண்ணுக்கு பஸ்ஸு ஒத்துக்காதுங்க. வாந்தி எடுத்துடும்" என்பார். அந்த மனிதர் துள்ளி எழுந்துவிடுவார். ஜன்னல் ஓரத்தில் அக்கா உட்கார்வார். பக்கத்தில் நான். நான் பிறந்ததிலிருந்து எந்தப் பஸ்ஸிலும் வாந்தி எடுத்ததில்லை. ஆனால் கல்லூரி முடிவதற்குள் அந்தத் தடத்தில் என்னை அப்படித்தான் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒரு கண்டக்டர் என்னைப் பார்த்ததும் பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார்.

நான் கணினிப் பொறியியல் படித்தவள். எதைச் செய்வதற்கு முன்பும் ஒரு பட்டியல் போட்டுக்கொள்வேன்: என்ன வேண்டும், எதற்கு வேண்டும், எதை விட்டுக்கொடுக்கலாம். இந்த மூன்றும் தெரிந்தால் எந்தப் பொருளையும் தேர்ந்தெடுத்துவிடலாம் என்பது என் நம்பிக்கை. பட்டியலின் தலையில் 'யாருக்கு' என்று ஒரு வரி வேண்டும் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. அக்காவுக்கு லேப்டாப் தேர்ந்தெடுக்கப் புறப்பட்ட பிறகுதான் தோன்றியது.

அவர் எங்கள் பக்கத்து வீடு. அக்காவின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலமான பிறகு அம்மாவுக்கு அங்கிருந்து பென்ஷன் வந்துகொண்டிருந்தது. அண்ணன் குடும்பத்தோடு பாரிஸ் பக்கம். அக்கா கீழவாஞ்சூர் துறைமுகச் சாலையில் ஒரு எடைமேடையில் வேலை பார்த்தார். நிலக்கரி ஏற்றிய லாரி மேடையில் வந்து நிற்கும், கண்ணாடி அறைக்குள்ளிருந்து அக்கா எடையைப் பதிந்து சீட்டுக் கொடுப்பார், லாரி நகரும், அடுத்த லாரி வரும். கல்யாணமாகி ஒரு வருஷத்துக்குள் திரும்பி வந்துவிட்டவர். காரணம் கேட்டவர்களிடம், "அவருக்கு என்னை ஒத்துக்கலீங்க" என்று மட்டும் சொல்வார். அவருக்கு அந்த மனிதரை ஒத்துக்கொண்டதா என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தாலும் பதில் வந்திருக்காது.

மாங்கனித் திருவிழாவில் மாடிகளிலிருந்து மாம்பழம் வீசும்போது அக்காவைப் பார்க்க வேண்டும். குடையைத் தலைகீழாக விரித்துப் பிடித்துக்கொண்டு, முழங்கையால் வழி செய்துகொண்டு, முன்வரிசைக்குப் போய்விடுவார். "வயசான அம்மா இருக்காங்க, ஆசைப்படுறாங்க" என்பார் இடிபட்டவர்களிடம். அம்மாவுக்குச் சர்க்கரை. மாம்பழத்தை முகர்ந்துகூடப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் அம்மாவிடம் பெருமையாகச் சொல்வார்: "எம் பொண்ணு தங்கம்ங்க. இதுவரைக்கும் எனக்கு இது வேணும்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல." அது உண்மைதான். ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்து, வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்துகொண்டிருந்த இரண்டாவது வருஷம், அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"பாப்பா, அண்ணன் பையனுக்கு ஒரு லேப்டாப் பாத்துச் சொல்லேன். கேம் விளாடணுமாம். படமும் வரையணுமாம். பையில போட்டுத் தூக்கிட்டும் போகணுமாம்."

எனக்குப் பிடித்த வேலை. உடனே பேனாவை எடுத்தேன்.

"என்னக்கா விளையாடுவான்?"

"லாரி ஓட்டுவான்."

"என்ன வரைவான்?"

"லாரி வரைவான்."

"எங்க தூக்கிட்டுப் போவான்?"

"கீழவாஞ்சூருக்கு."

நிமிர்ந்து பார்த்தேன். "பிரான்ஸ்ல ஏதுக்கா கீழவாஞ்சூர்?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன். பள்ளிக்கூடத்துக்குன்னு வச்சுக்க."

வைத்துக்கொண்டேன். அடுத்து, சத்தம் வரக் கூடாது என்றார். ராத்திரி பக்கத்திலேயே பாட்டி தூங்குவாராம். அந்தப் பாட்டி, அதாவது அக்காவின் அம்மா, அப்போது எங்கள் வாசலில் நின்று கீரைக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். கரித்தூசி உள்ளே போகாததாக இருக்க வேண்டும் என்றார். பையனுக்குத் தோள்பட்டை வலி, அதனால் கனம் கூடாது என்றார். பையனுக்கு அப்போது எட்டு வயது.

நான் பொறுமையாக விளக்கினேன். கேம் விளையாடவும் பெரிய படங்கள் வரையவும் பலமான கிராபிக்ஸ் கார்டு வேண்டும். பலம் இருந்தால் சூடு வரும். சூட்டை வெளியேற்ற ஃபேன் வேண்டும், ஃபேன் சுற்றினால் சத்தம் வரும். சத்தம் வேண்டாமென்றால் தடிமனாகச் செய்ய வேண்டும், தடிமனாகச் செய்தால் கனக்கும். சார்ஜர் வேறு ஒரு செங்கல் அளவுக்கு இருக்கும். பலம், அமைதி, கனமின்மை மூன்றும் ஒன்றாகக் கிடைக்காது. இரண்டை எடுத்துக்கொண்டு ஒன்றை விட வேண்டும்.

"எந்த ரெண்டுன்னு நீயே சொல்லு பாப்பா. உனக்கு எது புடிச்சிருக்கோ அது."

"எனக்கு எதுக்குக்கா புடிக்கணும்?"

"சரி, அவனுக்கு மூணுமே வேணுமாம்."

அன்றைக்கு அந்தத் தாளைக் கசக்கி எறிந்தேன்.

விஷயம் வெளியே வந்தது ஒரு மெயிலால். சில நாள் கழித்து, "என் பிரண்டு ஒருத்திக்கு ஒரு மெயில் வந்திருக்கு, இங்கிலீஷ் புரியலங்கிறா, வந்து படிச்சுச் சொல்லு" என்று கூப்பிட்டார். அவர் வீட்டு மூலையில், துண்டு போர்த்தி வைத்திருந்த பழைய கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நெல் அரைக்கும் மில் மாதிரி இரைந்தது. திரையில் ஒரு விளையாட்டு பாதியில் நின்றிருந்தது. பனி மூடிய ஏதோ ஒரு ஐரோப்பியச் சாலையில், நெற்றியில் இரண்டு கண்ணும், பக்கவாட்டில் தாமரையும், பின்னால் மயிலும், 'பொறுமையா வா, பின்னாலேயே வா' என்ற வாசகமுமாக ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது.

மெயில் அக்காவின் பெயருக்குத்தான் வந்திருந்தது. கோயம்புத்தூரில் ஒரு சின்ன கேம் நிறுவனம். நம் ஊர்ச் சாலைகளில் லாரி ஓட்டும் விளையாட்டு ஒன்றைச் செய்கிறார்களாம். அக்கா வரைந்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்த லாரிகளைப் பார்த்திருக்கிறார்கள். எடைமேடையில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பார்த்த லாரிகளின் கண்களையும் பூக்களையும் எழுத்துகளையும் அவர் ஒவ்வொன்றாக விளையாட்டு வண்டிகளின் மேல் போர்த்தியிருந்தார். போலந்து நாட்டுக்காரர் ஒருவர் அடுத்த வண்டி எப்போது வரும் என்று கீழே கேட்டிருந்தார். நிறுவனத்துக்காரர்கள் ஒரு வண்டியின் கோப்பை அனுப்பியிருந்தார்கள். அதற்கு வண்ணம் பூசி, ஒரு மாதத்துக்குள் திரையில் நேரடியாகக் காட்டினால், பிடித்திருந்தால் வேலை. அந்தக் கோப்பைத் திறக்க முயன்று அந்தப் பழைய கம்ப்யூட்டர் இரண்டு தடவை செத்துப் பிழைத்திருந்தது.

"அக்கா, இது உங்களுக்கு வந்திருக்கு."

"அவ பேரும் என் பேரும் ஒண்ணு."

"லேப்டாப்பும் உங்களுக்குத்தானே?"

துண்டை எடுத்து மானிட்டரைத் துடைத்தார். "முப்பத்தெட்டு வயசுக்கு என்னடி வெளையாட்டுன்னு கேப்பாங்க பாப்பா" என்றார். பிறகு உடனே, "என் பிரண்டைத்தான் சொல்றேன்" என்றார்.

இதற்கு மேல் என்ன செய்ய? 'யாருக்கு' என்ற இடத்தில் நானே அக்காவின் பெயரை எழுதி மறுபடியும் பட்டியல் போட்டேன். கடைக்கும் கூட்டிப்போனேன். அக்கா தன் வேலைப்பையோடு வந்திருந்தார். உள்ளே சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், குடை எல்லாம் இருந்தன. கடைக்காரர், "யாருக்கு மேடம்?" என்றார். "இந்தப் பொண்ணுக்குத்தான்" என்றார் அக்கா. கடைக்காரர் என் பக்கம் திரும்பி, "என்ன கேம் ஆடுவீங்க மேடம்?" என்றார். நான் எந்த விளையாட்டும் ஆடியதில்லை. "லாரின்னு சொல்லு" என்று அக்கா காதில் ஊதினார்.

விளக்குகள் சிவப்பும் பச்சையுமாக ஓடும் ஒரு தடித்த லேப்டாப்பை அக்கா தன் பையில் வைத்து, சார்ஜரையும் திணித்து, தோளில் மாட்டிக்கொண்டு கடையின் மாடிப்படியில் ஏறி இறங்கினார். கடைக்காரர் பதறிப்போய்க் கூடவே ஓடினார். இறங்கி வந்ததும், "இந்தப் பொண்ணுக்குத் தோள் எறங்கிடும்ங்க. வேற காட்டுங்க" என்றார். அடுத்ததில் சத்தம். அடுத்ததில் திரையைச் சாய்த்துப் பார்த்தால் சிவப்பு செங்கல் நிறமானது. கடைசியில் மெலிதான ஒன்று. கனம் தோள் தாங்கும், கிராபிக்ஸ் கார்டு போதும், நிறம் சுத்தம். முழு வேகத்தில் ஓடினால் மட்டும் கொஞ்சம் இரையும். வேகத்தைக் குறைத்து வைத்துக்கொண்டால் அம்மா தூங்கலாம். தூசிக்கு மாதம் ஒருமுறை நானே சுத்தம் செய்து தருகிறேன் என்றேன். பலத்தில் கொஞ்சம், அமைதியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து எல்லாம் பொருந்தி வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

"இதையே எடுத்துடலாம்க்கா."

"எடுத்துடலாம். அண்ணன் ஆகஸ்ட்டுல வருதுல்ல, இதே மாடல அங்கேருந்து கொண்டாரச் சொல்லிடுறேன்."

வெயிலில் நடுத்தெருவில் நின்று நான் விளக்கினேன். அங்கே வாங்கினால் இங்கே வாரண்டி செல்லாது. பிளக் வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, பிரான்ஸ் கீபோர்டில் எழுத்துகள் இடம் மாறி இருக்கும். ஏ இருக்க வேண்டிய இடத்தில் கியூ இருக்கும், இசட் இருக்க வேண்டிய இடத்தில் டபிள்யூ இருக்கும். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "நீ சொல்றது சரிதான் பாப்பா. ஆனா அம்மா ஆசைப்படுறாங்க, அங்கேருந்து வந்தாத்தான் பொருளுன்னு."

எங்கள் ஊரில் பாதி வீடுகளில் இதுதான் நடைமுறை. ஆகஸ்ட்டில் பெட்டி திறக்கும்போது சென்ட், சாக்லேட், சோப்பு, மிக்ஸி எல்லாம் வரும். பெட்டியிலிருந்து வந்த பொருளுக்கு வீட்டில் கேள்வி இல்லை. கடையிலிருந்து வந்தால், யாருக்கு, எதற்கு என்று கேட்பார்கள். அக்காவின் சம்பளப் பணம்தான்; ஆனாலும் அது அண்ணன் கை வழியாகப் போய், பெட்டி வழியாக வர வேண்டியிருந்தது. அதற்காகக் கோயம்புத்தூர்க்காரர்களிடம், "வீட்டில் ஒரு விசேஷம்" என்று தவணை கேட்டு என்னை விட்டே மெயில் எழுதவைத்தார்.

ஆகஸ்ட்டில் அண்ணன் வந்தார். பெட்டி திறந்த அன்று சாயங்காலம் எங்களைக் குடும்பத்தோடு கூப்பிட்டார்கள். என்ன இது என்று புரியாமல் போனோம். கூடத்தில் எல்லோர் முன்னாலும் அண்ணன் எழுந்து, லேப்டாப் பெட்டியை எடுத்து, அதன் மேல் சாக்லேட் பொட்டலத்தையும் வைத்து, என் கையில் கொடுத்தார்.

"தங்கச்சி சொன்னுச்சும்மா. பக்கத்து வீட்டுல ஒரு பொண்ணு, நல்லா படிக்கிற பொண்ணு, லேப்டாப் இல்லாம கஷ்டப்படுதுன்னு. நல்லா படிக்கணும்."

நான் படிப்பை முடித்து இரண்டு வருஷமாகியிருந்தது. என் வீட்டில் இரண்டு லேப்டாப் இருந்தது. அக்காவைப் பார்த்தேன். அக்கா மாடத்து விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அம்மா வந்து பெட்டியின் மேல் குங்குமம் வைத்து, "கலெக்டராகணும்" என்று என் கன்னத்தை வழித்தார்.

"என்னாடி இது?" என்று என் அம்மா காதில் சீறினார். "யாரு கேட்டா உனக்கு?"

"நான் கேக்கலம்மா."

"கேக்காமலா பாரிஸ்லேருந்து வரும்?"

அன்று ராத்திரி முழுக்க என் அம்மா என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில் நான் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அக்காவின் முன்னால் வைத்தேன்.

"அக்கா, இத எடுத்துக்கங்க. உங்க அண்ணன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

"குடுத்தத திருப்பிக் குடுத்தா அண்ணன் மனசு கஷ்டப்படும் பாப்பா. உன்கிட்டயே இருக்கட்டும்." கொஞ்சம் பொறுத்து, "உனக்கு ஓட்டத் தெரியாதுல்ல. நான் வந்து ஓட்டிக் காமிக்கிறேன்" என்றார்.

அதிலிருந்து ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் நேரே எங்கள் வீட்டுக்கு வருவார். தலையில் கரித்தூசி, தோளில் பை. என் மேசையில் பாதியைப் பிடித்துக்கொள்வார். என் அம்மாவிடம், "இந்தப் பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்துட்டு இருக்கேங்க" என்பார். அம்மா அவருக்கு டீ வைத்துக் கொடுப்பார், நன்றியோடு. நான் அலுவலக வேலையைச் செய்துகொண்டிருப்பேன். பக்கத்தில் லாரிகள் பனியில் ஓடிக்கொண்டிருக்கும்.

கீபோர்டைப் பற்றி நான் பயந்தது அப்படியே நடந்தது. எழுத்துகள் எல்லாம் இடம் மாறியிருந்தன. கணினியின் மொழியும் பிரெஞ்சு. இரண்டையும் நிமிஷத்தில் மாற்றித் தருகிறேன் என்றேன். அக்கா கையைத் தடுத்தார். "கட்டையில ஒரு எழுத்து இருக்கு, திரையில வேற எழுத்து வருதுன்னா உனக்குக் குழப்பமா இருக்கும். இப்படியே இருக்கட்டும்." எனக்குக் குழப்பமாக இருக்கும் என்று அவரே அந்தக் கீபோர்டைப் பழகிக்கொண்டார். பார்க்காமலே விரல் ஓடியது. பிரெஞ்சுப் பொத்தான்களை அழுத்தி அழுத்திப் பார்த்தே எது எது என்று தெரிந்துகொண்டார். நான் அதில் என் பெயரை அடித்தால் வேறு யாரோ ஒருத்தி வந்தாள்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "அக்கா, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'இது எனக்கு'ன்னு சொல்லுங்களேன். யாரும் இல்ல, நான் மட்டும்தான் இருக்கேன்."

அக்கா மயிலின் தோகையில் பச்சை பூசிக்கொண்டே சிரித்தார். "நீ ஆசைப்பட்டா சொல்றேன்" என்றார்.

கோயம்புத்தூர்க்காரர்கள் பேசச் சொன்ன நாள் ஒரு விடுமுறை நாள் காலை. எங்கள் வீட்டுக் கூடத்தில் லேப்டாப்பை வைத்து, அக்காவை நடுவில் உட்காரவைத்தேன். இணைப்பு அறுந்தால் பார்த்துக்கொள்ளப் பக்கத்தில் நான். என் அம்மா மிக்ஸியை நிறுத்திவிட்டு அடுப்படி நிலையில் நின்றார். நிறுவனத்துக்காரர் திரையில் வந்தார். அவர்கள் அனுப்பிய வண்டியில் தான் வரைந்ததை அக்கா திறந்து காட்டினார். காலையிலிருந்து அதில் கடைசிக் கைவேலை செய்துகொண்டிருந்தார்.

நெற்றியில் கண்கள், பூதமுகம், தாமரை, பக்கப் பலகையில் எழுத்து. சேறு பட்டு மங்கிய இடம்கூட இருந்தது. தார்ப்பாய்க் கயிறு உரசி உரசிப் பெயிண்ட் போன கோடு இருந்தது. நிறுவனத்துக்காரர் திரையருகே குனிந்தார்.

"அருமையா இருக்குதுங்க மேடம். இதை யாருங்க வரைஞ்சது?"

அக்கா என் தோளில் கை வைத்தார். "இந்தப் பொண்ணுதாங்க."

என் பட்டியல் எதிலும் இது இல்லை.

"நான் இல்லைங்க. அவங்கதான் வரைஞ்சாங்க" என்றேன்.

"கூச்சப்படுதுங்க" என்றார் அக்கா.

நிறுவனத்துக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்த மாதிரி இருந்தது. "ஏனுங்க, எங்களுக்கு வரையறவங்கதான் வேணும். ஒருத்தர் வரைஞ்சு இன்னொருத்தர் காட்டுறது எங்களுக்குச் சரிப்படாதுங்க. வரைஞ்சவங்க யாரோ, அவங்க இப்ப அந்தக் கண்ணுல கோபத்தைக் கொஞ்சம் குறைச்சுக் காட்டுங்க. பாத்துடலாம்."

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஒரு கண். அக்கா தூக்கத்தில்கூடச் செய்வார். நான் அவரைப் பார்த்தேன். அவர் அடுப்படிப் பக்கம், என் அம்மா நின்ற இடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, லேப்டாப்பை மெதுவாக என் பக்கம் நகர்த்தினார்.

நான் அமைதியான பெண் என்று பெயர் எடுத்தவள். அப்போதும் சத்தம் போடவில்லை. சரி, நானே வரைகிறேன் என்று மௌஸை எடுத்தேன். கண்ணின் இமையில் ஒரு கோடு இழுத்தேன். கோபம் குறையவில்லை, கண்ணில் கட்டி கிளம்பியது. இன்னொரு கோடு. இப்போது கண் ஆம்லெட் ஆனது. திரையின் அந்தப் பக்கம் மனிதர் வாய்மேல் கை வைத்துக்கொண்டார். பக்கத்தில் அக்காவின் மூச்சு எனக்குக் கேட்டது.

போட்ட கோட்டை நீக்கிவிடலாம் என்று, வருஷக்கணக்கில் பழகிய இடத்தில், இசட் இருக்க வேண்டிய கட்டையை கண்ட்ரோலோடு சேர்த்து அழுத்தினேன். அந்தக் கீபோர்டில் அந்த இடத்தில் இருந்தது டபிள்யூ. கோட்டை நீக்கும் கட்டளைக்குப் பதிலாகக் கோப்பையே மூடும் கட்டளை போனது. திரையின் நடுவில் பிரெஞ்சில் ஒரு பெட்டி எழுந்து நின்றது, மூன்று பொத்தான்களோடு. சேமிக்கவா, சேமிக்க வேண்டாமா, ரத்தா என்பதுதான் கேள்வி என்று தெரிந்தது. எது எது என்று தெரியவில்லை. காலையிலிருந்து செய்த வேலை எதுவும் சேமிக்கப்படவில்லை என்பது மட்டும் தெரியும். நடுவில் இருப்பதைத் தொடலாம் என்று மௌஸை நகர்த்தினேன்.

"ஏய்" என்றார் அக்கா. "நடுவுல இருக்குறதத் தொடாத."

என் மணிக்கட்டை ஒரு பிடி பிடித்தார். மௌஸ் என் கையிலிருந்து அவர் கைக்குப் போனது. நாற்காலியோடு என்னை ஓரமாகத் தள்ளினார்.

"தள்ளுடி. கெடுத்து வச்சிருக்கா பாரு. எவ்வளவு நாளு அந்தக் கண்ணுக்கு. என்னோட வண்டிடி அது."

பெட்டி மறைந்தது. என் கோடுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. அக்காவின் இடக்கை அந்த மாறிப்போன எழுத்துகளின் மேல் பார்க்காமலே ஓடியது. இமை கொஞ்சம் தாழ்ந்தது. கருவிழி கொஞ்சம் நகர்ந்தது. அந்த லாரி, சரக்கு இறக்கிவிட்டு வீட்டுக்குத் திரும்பும் லாரி மாதிரி ஆனது. அக்கா சேமித்து, இன்னொரு தடவை சேமித்து, அதற்குப் பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று நினைவு வந்தவர் மாதிரி வாயை மூடிக்கொண்டார்.

"தெரிஞ்சு போச்சுங்க மேடம்" என்றார் திரையில் இருந்தவர். அதற்குப் பிறகு அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. நானும் எழுந்து உள்ளே போய்விட்டேன். அங்கே இருந்தால் மறுபடியும் என் தோளில் கை விழும்.

பேசி முடித்து வந்த அக்காவிடம் என் அம்மா, "வேலை கெடச்சிரிச்சா?" என்றார். அக்கா என்னைக் காட்டினார். "இந்தப் பொண்ணு விடாப்பிடியா உக்கார வச்சிடுச்சுங்க. இல்லாட்டி எனக்கு எதுக்குங்க இதெல்லாம்?" என் மணிக்கட்டில் அவர் விரல் பதிந்த இடம் இன்னும் சிவந்திருந்தது. எனக்கு அது போதும்.

பொங்கல் முடிந்து அக்கா அம்மாவையும் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூருக்குப் புறப்பட்டார். பெட்டிகள் எல்லாம் முன்னாலேயே லாரியில் போய்விட்டன. கையில் வேலைப்பை மட்டும். அதற்குள் லேப்டாப், சாப்பாட்டு டப்பா, குடை. அண்ணனுக்கு மட்டும், "அந்தப் பொண்ணு எனக்குக் குடுத்துடுச்சு" என்று சொல்லி வைத்திருந்தார். அண்ணன் என்னைப் பெரிய மனசுக்காரி என்றாராம்.

நான் வழியனுப்பப் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். பஸ்ஸில் ஏறிய அக்கா, ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரின் பக்கத்தில் போய் நின்றார். கீழே நின்ற எனக்கு அடுத்து வரப்போவது தெரியும்.

"வயசான அம்மாங்க. காத்து இல்லன்னா மூச்சு முட்டும். அந்த ஜன்னல் சீட்டக் கொஞ்சம்…"

"எனக்கு வேணாம்" என்றார் அவர் அம்மா, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டே. "எனக்குக் காத்து ஆகாது. நான் இந்தப் பக்கமே உக்காந்துக்குறேன்." நடைவழி ஓரத்தில் அழுத்தமாக உட்கார்ந்தும்விட்டார்.

அக்கா சுற்றிலும் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். நான் கீழே தரையில் நின்றுகொண்டிருந்தேன். எந்த ஊருக்கும் போகவில்லை. எனக்கு வாந்தி வரும் என்று யாரிடமும் சொல்ல முடியாது. பெரியவர் காத்துக்கொண்டிருந்தார். கேளுங்கக்கா என்று நான் மனதுக்குள் சொன்னேன். ஒரு வார்த்தைதான்.

அக்கா தோளிலிருந்த பையை இறக்கி, இரண்டு கையாலும் பெரியவர் முன்னால் பிடித்தார்.

"இதுக்குள்ள லேப்டாப் இருக்குங்க" என்றார். "காத்து படலன்னா சூடாயிடும்."

பெரியவர் துள்ளி எழுந்தார். அக்கா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, கம்பியில் முகத்தைச் சாய்த்துக்கொண்டார்.

லேப்டாப் அணைந்துதான் இருந்தது. நானே அணைத்துப் பையில் வைத்தேன். அணைத்து வைத்த லேப்டாப் சூடாகாது என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.